உதிரும் இலை, உளுக்காத கட்டை

1890ஆம் ஆண்டு உரால் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஷிகிர் என்னும் சதுப்பு நிலத்தில் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நான்கு மீட்டர் ஆழத்தில் செதுக்கிய மரத்துண்டுகள் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். 1914இல் விளாதிமிர் தோல்மச்சோவ் என்ற தொல்லியலாளர் அவற்றைப் பொருத்திப் பார்த்தபோது, ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான ஓர் உருவம் எழுந்து நின்றது. உச்சியில் ஒரு தலை. உடல் முழுக்கக் கோண வரிகள். வரிகளுக்கிடையே மேலிருந்து கீழாகப் பல முகங்கள். அடுத்து வந்த கொந்தளிப்பான ஆண்டுகளில் அதன் கீழ்ப்பகுதி தொலைந்துபோயிற்று. அந்தப் பகுதியை இன்று தோல்மச்சோவ் வரைந்த படங்களில்தான் பார்க்க முடியும். எஞ்சியவை எகடெரின்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2018இல் வெளியான ஆய்வு இந்தச் சிலையின் வயதைச் சுமார் 11,600 ஆண்டுகள் என்று கணித்தது. அதன்பின் வந்த கணிப்பு இன்னும் சில நூற்றாண்டுகளைக் கூட்டியிருக்கிறது. மனிதர் செதுக்கிய பெரிய மரச்சிற்பங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் இதுவே மிகப் பழையது.

அந்த மரம் லார்ச். வெட்டப்பட்டபோது அதற்கு 159 ஆண்டு வளையங்கள் இருந்தன. வெட்டிய ஈரம் காயுமுன்பே கல் உளிகளால் செதுக்கியிருக்கிறார்கள். பனியூழி முடிந்து உறைபனி பின்வாங்கிய காலம் அது. வெறும் புல்வெளியாகக் கிடந்த உரால் சரிவுகளில் காடாக எழத் தொடங்கிய மரங்களில் லார்ச்சும் ஒன்று. காற்றுப் புகாத சதுப்பு மண் சிலையைக் காத்தது உண்மை. ஆனால் பிசின் ஊறிய அந்தக் கட்டைக்கும் அதில் பங்குண்டு.

லார்ச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் இலையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊசியிலை மரங்கள் என்றாலே பசுமை மாறாதவை என்பது பொதுவிதி. பைன், ஸ்புரூஸ், ஃபிர் எல்லாம் அப்படித்தான். அதே பைன் குடும்பத்தில் பிறந்த லார்ச்சோ இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகிறது. பிறகு ஓர் ஊசிகூட மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு நிற்கிறது. குளிர்காலத்தில் முதன்முறையாக ஒரு லார்ச் காட்டைப் பார்ப்பவர், தீயிலோ நோயிலோ பட்டுப்போன காடு என்றுதான் நினைப்பார். வசந்தத்தில் கிளைகளிலுள்ள குட்டையான முண்டுகளிலிருந்து கொத்துக் கொத்தாக, தொட்டால் குத்தாத மென்மையான பச்சை ஊசிகள் வருகின்றன. கூடவே சிவப்புப் பூப்போலப் பெண் கூம்புகளும் தலைகாட்டுகின்றன.

இலை மென்மையானது, நிலையாதது. கட்டையோ கடினமானது, எளிதில் மக்காதது. ஒரே மரத்தில் சேர்ந்திருக்கும் இந்த இரு குணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், வடக்குத் திசை மக்கள் லார்ச்சைச் சுற்றி நெய்த வழக்கங்கள் புரியத் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே மரத்தை அவர்கள் தேடிப்போனதற்குக் காரணம் அந்த மரத்திலேயே இருக்கிறது.

முதலில் இலை. கடுங்குளிரில் மரத்தைக் கொல்வது குளிர் மட்டுமல்ல, தாகமும்தான். மண்ணிலுள்ள நீர் உறைந்து கிடக்கும். வேரால் உறிஞ்ச முடியாது. ஆனால் வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மற்ற ஊசியிலை மரங்கள் தடித்த மெழுகுப் பூச்சோடு இதைச் சமாளிக்கின்றன. லார்ச் இலையையே விட்டுவிடுகிறது. விடுவதற்கு முன் இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியை உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கொருமுறை புதிதாகச் செய்யும் இலை என்பதால் அதற்குக் கனத்த கவசம் வேண்டியதில்லை. குறுகிய கோடையில் அந்த மெல்லிய ஊசிகள் வேகமாக உணவு சமைக்கின்றன. ஒரே ஒரு விலை உண்டு. நிழலை அது தாங்காது, திறந்த வானம் வேண்டும்.

இந்த உபாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெர்கோயான்ஸ்க் சாட்சி. கிழக்குச் சைபீரியாவின் சாகா குடியரசிலுள்ள இந்தச் சிற்றூரில் 1892இல் பதிவான குளிர் கழித்தல் 67.8 பாகை செல்சியஸ். அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று பதிவான வெப்பம் 38 பாகை. நூறு பாகைக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியில் வேரூன்றி நிற்பவை லார்ச் காடுகள். இன்னும் வடக்கே, தைமிர் தீபகற்பத்தில் 72 பாகை வடக்கு அட்சரேகையையும் தாண்டி அவை போகின்றன. உலகில் அதற்கு வடக்கே காடு இல்லை.

அங்கே மரத்தின் காலடியில் இருப்பது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு உறைந்த மண். கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் இளகும், சில இடங்களில் அதுவும் இல்லை. லார்ச்சின் வேர்கள் அந்த மெல்லிய அடுக்குக்குள் பக்கவாட்டில் விரிகின்றன. யாகூட்ஸ்க் நகரத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 240 மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறைந்த மழையில் புல்வெளியே தத்தளிக்கும். காடு எப்படி நிற்கிறது என்றால், அடியிலுள்ள உறைமண் நீரை ஆழத்துக்கு இறங்கவிடாமல் தடுத்து வேருக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறது. பதிலுக்கு, காட்டின் நிழலும் அதன் தரையிலுள்ள பாசிப் போர்வையும் வெயில் இறங்காமல் உறைமண்ணைக் காக்கின்றன. ஒன்று போனால் மற்றொன்றும் போகும். படாகாய் என்ற ஊருக்கருகே 1960களில் காடு வெட்டப்பட்ட ஓர் இடத்தில் மண் இளகிச் சரியத் தொடங்கியது. இன்று அது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட பள்ளமாக வாய் திறந்து நிற்கிறது, ஆண்டுதோறும் விரிகிறது. மறுபுறம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இதேபோல் நிலத்தடிப் பனி உருகி உண்டான அகன்ற பள்ளங்கள்தான் சாகா மக்களின் மாடும் குதிரையும் மேயும் புல்வெளிகள். அலாஸ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். காடு இருக்கும் இடம், காடு இல்லாமற்போன இடம் இரண்டுமே அவர்களுக்கு வாழ்வாதாரம்.

சாகா மக்களின் வீட்டுச் சுவர் லார்ச். குதிரை கட்டும் செர்கே கம்பம் லார்ச். அந்தக் கம்பம் வெறும் முளைக்குச்சி இல்லை, வீட்டின் மானத்தையும் விழாவின் மையத்தையும் குறிப்பது. வழிப்போக்கர்கள் தனித்து நிற்கும் பெரிய மரங்களில் குதிரைமயிர்க் கயிற்றையும் துணித்துண்டுகளையும் கட்டிவிட்டுப் போவார்கள். பழைய வழக்கத்தில் இறந்தவரை மண்ணில் புதைக்காமல், குடைந்த மரப்பெட்டியில் வைத்துத் தூண்கள் மேலோ மரங்களுக்கிடையிலோ உயரத்தில் நிறுத்தினார்கள். அராங்காஸ் எனப்படும் அந்த அமைப்பும் பெரும்பாலும் லார்ச் கட்டைதான். ஓலோங்ஹோ காவியங்களில் உலகின் நடுவே நிற்கும் ஆல் லூக் மாஸ் என்னும் மரத்துக்குள் நிலத்தின் தேவி வாழ்கிறாள். வீரனுக்குப் பாலூட்டி அனுப்புகிறாள்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. கைக்கெட்டும் தூரத்தில் கட்டுமானத்துக்கு உதவும் பெரிய மரம் ஒன்றே ஒன்றுதான் என்றால், எல்லாவற்றையும் அதில்தான் செய்வார்கள். ஒவ்வொரு லார்ச் கம்பத்துக்கும் ஆழ்ந்த பொருள் கற்பிக்க வேண்டியதில்லை. சைபீரிய மரபுகளை எல்லாம் ‘உலக மரம்’ என்ற ஒரே சட்டகத்தில் அடைத்து, வேர் பாதாளம், அடிமரம் பூமி, உச்சி வானம் என்று முடித்துவிடும் நூல்கள் ஏராளம். அவற்றில் காணாமற்போவது லார்ச் என்ற குறிப்பிட்ட மரம். அதை மீட்டுத் தருபவை இரண்டு கள ஆவணங்கள். இரண்டும் எவெங்கி மக்களைப் பற்றியவை, துங்குஸ்கா ஆற்றுப் பகுதிகளில் வேட்டையாடியும் கலைமான் வளர்த்தும் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

முதல் ஆவணம் கவ்ரீல் க்சேனஃபோந்தவ் தொகுத்தது. சாகா இனத்தில் பிறந்த அறிஞர் அவர். ஷாமன்கள் எனப்படும், ஆவிகளோடு பேசி நோய் தீர்க்கும் பூசகர்களைப் பற்றிய கதைகளை 1920களில் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். கீழைத் துங்குஸ்காவைச் சேர்ந்த எவெங்கி ஒருவர் அவருக்குச் சொன்னது இது: மேலுலகில் தூரூ என்றொரு மரம் இருக்கிறது. அதன் கிளைகளில் கூடுகள். ஷாமன்களாகப் போகிறவர்களின் உயிர்கள் அந்தக் கூடுகளில் வைத்து வளர்க்கப்படுகின்றன. எவ்வளவு உயரத்துக் கூட்டில் வளர்கிறாரோ அவ்வளவு ஆற்றல் அந்த ஷாமனுக்கு. ஆகவே அவருடைய பறையின் வட்டச் சட்டத்துக்கான மரத்தை உயிருள்ள லார்ச்சிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தபின் அந்த மரத்தைச் சாய்க்கக் கூடாது. தன் உயிர் வளர்ந்த மரத்தின் நினைவாக அது உயிரோடு நின்றாக வேண்டும்.

இந்த விதியைப் படித்தபோது நான் நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். ஒரு மரத்தை வெட்டிப் பறை செய்வது எளிது. நிற்கும் மரத்தின் உடலிலிருந்து ஒரு நீண்ட சிம்பை மட்டும் பிளந்தெடுத்து, மரம் பிழைக்கும்படி விட்டுவருவதற்குக் கைத்திறன் வேண்டும், மரத்தைப் பற்றிய அறிவும் வேண்டும். பட்டைக்குக் கீழேயுள்ள உயிரடுக்கு முழுவதும் அறுபடாதவரை மரம் சாகாது. காயத்தின் மேல் லார்ச் பிசினைச் சுரந்து மூடிக்கொள்ளும். பறையின் தோல் கிழிந்தாலும் ஷாமன் இறந்தாலும் காட்டில் அதன் மறுபாதி ஆண்டுதோறும் உதிர்ந்து துளிர்த்துக்கொண்டிருக்கும். இதைச் சொன்னவர் மேற்கொண்டு விளக்கம் எதையும் தரவில்லை. தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

க்சேனஃபோந்தவ் 1938இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இரண்டாவது ஆவணம் ஏ. எஃப். அனீசிமவ் 1952இல் வெளியிட்ட கட்டுரை. எவெங்கி ஷாமனின் சடங்குக் கூடாரத்தை அவர் நுணுக்கமாக விவரிக்கிறார். நடுவே இளம் லார்ச் ஒன்று, புகைபோக்கித் துளை வழியாகத் தலை வெளியே நீட்டி நிற்கும். அதற்கும் பெயர் தூரூதான். கூடாரத்தின் கிழக்குப் பக்கம் உயிருள்ள இளம் லார்ச் மரங்களால் ஆன வரிசை. அதன் பெயர் தார்பே, அது மேலுலகம், மாபெரும் ஆறு ஒன்றின் பிறப்பிடம். மேற்குப் பக்கம் பட்ட மரங்களால் ஆன வரிசை, வேர்கள் மேல்நோக்கியிருக்கக் கிடக்கும். அதன் பெயர் ஓனாங், அது இறந்தோர் உலகம், அதே ஆற்றின் முகத்துவாரம். ஷாமனின் பயணம் இவற்றுக்கிடையே நிகழ்கிறது. நூல்கள் சொல்லும் செங்குத்தான மூவுலகத் தூண் இங்கே இருக்கிறது, ஆனால் அதைக் குறுக்கே வெட்டி ஓர் ஆறும் ஓடுகிறது. உயிருக்கும் சாவுக்கும் ஒரே இன மரத்தைப் பச்சையாகவும் பட்டதாகவும் வைத்துச் சொல்லியிருப்பதுதான் முக்கியம். பசுமை மாறாத மரத்தையோ, எளிதில் மக்கும் மரத்தையோ வைத்து இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கட்டையின் பக்கத்துக்கு வந்தால் சான்றுகள் இன்னும் பழையவை. அல்தாய் மலையின் பசிரிக் புதைமேடுகளில், கிறிஸ்துவுக்கு ஐந்து முதல் மூன்று நூற்றாண்டுகள் முன்பு, பிணவறைகளை லார்ச் கட்டைகளை அடுக்கிக் கட்டினார்கள். அறைக்குள் கசிந்த நீர் உறைந்ததால் துணி, தோல், பச்சை குத்திய உடல்கள் உட்பட எல்லாம் தப்பின. 1993இல் நத்தாலியா பொலோஸ்மாக் குழுவினர் உகோக் பீடபூமியில் திறந்த புதைமேட்டில், ஓர் இளம்பெண் ஒரே லார்ச் தண்டைக் குடைந்த பெட்டிக்குள் படுத்திருந்தாள். பிணவறைக் கட்டைகளின் வளையங்களை ஒப்பிட்டுத்தான் பசிரிக்கின் பெரிய மேடுகள் ஐந்தும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குள் கட்டப்பட்டவை என்று கணித்தார்கள். இந்திகிர்கா ஆற்றங்கரையில் 1700இல் லார்ச்சால் கட்டிய சாஷிவெர்ஸ்க் தேவாலயத்தையும் சொல்ல வேண்டும். பெரியம்மை அந்த ஊரையே துடைத்துவிட்டது. ஆளில்லாத கரையில் தேவாலயம் மட்டும் நின்றது. 1971இல் அதைப் பிரித்து நோவோசிபிர்ஸ்க் நகருக்குக் கொண்டுபோய் மறுபடி கோர்த்து நிறுத்தினார்கள்.

ஐரோப்பாவில் லார்ச்சின் தாயகம் ஆல்ப்ஸ், கார்பாத்தியன் மலைகள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் லாரிக்னும் என்ற கோட்டையை ஜூலியஸ் சீசர் முற்றுகையிட்டாராம். வாயிலிலிருந்த மரக்கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். விறகு எரிந்து அடங்கியது, கோபுரம் அப்படியே நின்றது. லார்ச் எரியவே எரியாது என்பது மிகை. அடர்த்தியான கட்டை மெதுவாகத்தான் பற்றும் என்பது சரி. கட்டடங்களின் இறவாரத்தில் லார்ச் பலகை பதித்தால் வீட்டுக்கு வீடு தீ தாவாது என்று அவர் ஆலோசனையும் சொல்கிறார்.

அதே ஆல்ப்ஸில், தீரோல் பகுதியின் நவுடர்ஸ் ஊருக்கருகே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு புனித லார்ச் நின்றது. வெட்டினால் அதிலிருந்து இரத்தம் வரும் என்று நம்பினார்கள். கோடரி மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு ஆழம் வெட்டியவனின் உடலிலும் இறங்கும். மரத்தின் தழும்பு ஆறும்வரை அவன் புண் ஆறாது. அதன் அருகில் யாரும் சண்டையிட மாட்டார்கள், கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள், சுள்ளி பொறுக்க மாட்டார்கள். ஊரின் குழந்தைகள், குறிப்பாக ஆண் குழந்தைகள், அந்த மரத்திலிருந்துதான் வருகிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. துங்குஸ்காவின் கூடுகளும் நவுடர்ஸின் குழந்தைகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, அப்படி இழுத்துக் கட்டவும் கூடாது. இரு இடத்திலும் இருந்தது ஒரே பேரினத்து மரம், அதை ஆண்டு முழுக்கப் பார்த்திருந்த கண்கள்.

இரத்தம் வரும் என்ற நம்பிக்கைக்கு அன்றாட அனுபவத்தில் ஓர் அடிப்படை உண்டு. தீரோலில் லார்ச் பிசின் எடுப்பது ஒரு தொழில். வசந்தத்தில் அடிமரத்தில் மையம் வரை துளையிட்டு, மரமுளையால் அடைத்துவிடுவார்கள். கோடை முழுதும் உள்ளே பிசின் ஊறிச் சேரும். இலையுதிர்காலத்தில் வந்து வழித்தெடுப்பார்கள். வெனிஸ் வழியாக விற்பனைக்குப் போனதால் அது வெனிஸ் டர்பன்டைன் என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. குதிரைக் குளம்பு மருந்திலும் ஓவியர்களின் எண்ணெய்க் கலவையிலும் சேர்ந்தது. ஆயிரம் மரங்களைத் துளையிட்டுப் பிழைத்த அதே பகுதி மக்கள் ஒரு மரத்தைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாள்தோறும் ஓர் உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அதை எடுக்காமல் விடும் ஓர் இடம் தேவைப்படுகிறது.

ஆல்ப்ஸ் லார்ச்சுக்கு இன்னொரு சாவும் பிழைப்பும் உண்டு. சாம்பல்நிறச் சிறு அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள், எட்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கு முழுவதையும் நடுக்கோடையில் பழுப்பாக்கிவிடும். மொட்டையான லார்ச் அதே கோடையில் மறுபடி துளிர்க்கும். ஆனால் அடுத்த சில ஆண்டுகள் அது விடும் இலையில் நார் கூடும், நைட்ரஜன் குறையும். தரமற்ற இலையைத் தின்ற புழுக்கள் நலிகின்றன, ஒட்டுண்ணிக் குளவிகள் மிச்சத்தை முடிக்கின்றன, மரம் தேறுகிறது, சுழற்சி மறுபடி தொடங்குகிறது. புழு தாக்கிய ஆண்டின் வளையம் அடர்த்தி குறைந்து இருப்பதால், பழைய வீடுகளின் உத்திரங்களையும் நிற்கும் மரங்களையும் சேர்த்துப் படித்து, யான் எஸ்பர் குழுவினர் 2007இல் சுமார் 1,200 ஆண்டு வரலாற்றை எழுதினார்கள். இடைக்காலத்து வெதுவெதுப்பிலும் அதன்பின் வந்த நெடுங்குளிரிலும் தவறாமல் வந்த பேரலை, 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு பழைய ஒழுங்கில் வரவில்லை. வெப்பம் ஏறியதால் முட்டை பொரிவதும் மொட்டு விரிவதும் பிசகிப்போனது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவிலும் லார்ச் உண்டு. சிக்கிம், அருணாசலப் பிரதேசம், பூட்டான், கிழக்கு நேபாளம், திபெத் ஆகிய இடங்களில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் வளர்வது அது. இங்குள்ள இயற்கையான ஊசியிலை மரங்களில் இலை முழுவதையும் உதிர்ப்பது அது ஒன்றுதான். வில்லியம் கிரிஃபித் என்பவரின் பெயரை அதற்கு ஜோசஃப் ஹூக்கர் சூட்டினார். கிரிஃபித் 1832இல் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்தவர்; பூட்டானில் செடி தேடி அலைந்தவர்; 1845இல் மலாக்காவில் இளவயதிலேயே இறந்தார்.

ஸ்காட்லாந்துக் கதை வேறு வகை. அங்கே லார்ச் வந்தேறி. அதோல் பிரபுக்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் சில கன்றுகளில் தொடங்கி, 1830க்குள் ஒரு கோடிக்கும் மேல் நட்டார்கள். 1738இல் நட்ட மரங்களில் ஒன்று டன்கெல்ட் தேவாலயத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. 2009இல் தென்மேற்கு இங்கிலாந்தின் ஜப்பானிய லார்ச் தோப்புகளில் ஃபைட்டாப்தோரா ரமோரம் என்னும் நுண்ணுயிர் நோய் தென்பட்டது. பரவலைத் தடுக்க வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மலைமலையாக மரங்களைச் சாய்க்க வேண்டியதாயிற்று. ஒரே இனத்தை ஒரே சீராக நடுவதன் ஆபத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

நாட்டார் மரபு என்றால் பழையது என்று நினைத்துவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டிலும் லார்ச்சைச் சுற்றி ஒரு புதிய தொன்மம் பிறந்தது, அதைப் பெற்றெடுத்தது சோவியத் சிறைமுகாம்கள் இருந்த கோலிமா. எழுத்தாளர் வார்லாம் ஷலாமவ் 1937இல் கைதாகி, கோலிமாவின் முகாம்களில் பல்லாண்டுகள் தங்கச் சுரங்கத்திலும் மருத்துவமனையிலும் கழித்தவர். ‘லார்ச்சின் உயிர்த்தெழுகை’ என்ற கதையில், கோலிமாவிலிருந்து தபாலில் வந்த ஒரு காய்ந்த லார்ச் கிளையை, சிறைப்பட்டு இறந்த கவிஞர் ஒருவரின் மனைவி மாஸ்கோவில் தகர டப்பா நீரில் வைக்கிறார். சில நாளில் அதில் பச்சை ஊசிகள் விரிகின்றன, அறையெங்கும் பிசின் மணம். முகாமில் இறந்தவர்கள் உறைமண்ணில் மக்காமல் கிடக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய கதை இது. எவெங்கி மக்களின் தூரூவை அவர் அறிந்திருந்தாரா என்பது இங்கே பொருட்டல்ல. அதேபோன்ற உறைமண்ணில் அதே மரம் அவரிடமும் அதே வேலையைச் செய்திருக்கிறது.

உராலின் வடகோடியில் ஸ்தெபான் ஷியாதவ் என்ற ஆய்வாளர் 1960களிலிருந்து லார்ச் காட்டின் மேல் எல்லையைப் படமெடுத்தும் அளந்தும் வந்தார். இன்றைய எல்லைக்கும் மேலே, மொட்டைச் சரிவில் சாம்பல்நிறத் தண்டுகள் கிடக்கின்றன. இடைக்காலத்தின் வெதுவெதுப்பான நூற்றாண்டுகளில் வளர்ந்து, பின்வந்த குளிரில் பட்ட லார்ச்சுகள் அவை, பல நூற்றாண்டாகியும் மக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் காடு மறுபடி மேலேறத் தொடங்கியது. பல தண்டுகளோடு தரையில் ஊர்ந்த வடிவத்தை விட்டுவிட்டு, புதிய மரங்கள் ஒற்றைத் தண்டோடு நிமிர்ந்து வளர்கின்றன. இதைக் காடு செழிக்கிறது என்று மட்டும் படிப்பது தவறு. குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் லார்ச் காடு, கீழேயுள்ள பனியில் விழும் ஒளியில் கணிசமான பங்கை வானுக்கே திருப்பி அனுப்புகிறது. தெற்கிலிருந்து ஸ்புரூஸும் சைபீரியப் பைனும் லார்ச் காட்டுக்குள் நுழையும் இடங்களில், அவற்றின் கரும்பச்சை விதானம் குளிர்காலத்திலும் வெயிலைப் பிடித்துக்கொள்ளும். சைபீரியக் காடுகளின் மாற்றத்தைக் கணினி மாதிரிகளில் ஆராய்ந்தவர்கள், லார்ச்சின் இடத்தைப் பசுமை மாறாத மரங்கள் பிடித்தால் அந்த நிலம் மேலும் வேகமாகச் சூடாகும் என்கிறார்கள். அப்படிச் சூடானால் உறைமண் இன்னும் ஆழமாக இளகும். அதன் மேல்தான் உலகின் மிகப் பெரிய லார்ச் காடு நிற்கிறது.